வெளியாள் இறங்கிய வயல்

வடகரைவெளி,
குடவாசல் வட்டம்.
16-6-2025

தஞ்சாவூரில் வசிக்கும் நில உடைமையாளர் திருமதி குந்தவை அவர்களுக்கு, விவசாயத் தொழிலாளர் சங்கம், வடகரைவெளிக் கிளையின் செயலாளர் அம்சவல்லி எழுதுவது.

அம்மையீர்,

மேட்டூர் திறந்தாகிவிட்டது. போர் தண்ணீரில் நீங்கள் விட்ட நாற்று வாய்க்கால் மேட்டில் பச்சை கட்டி நிற்கிறது. இந்தக் குறுவை நடவுக்கு எங்கள் தெருப் பெண்களைக் கூப்பிடாமல், புரோக்கர் ராஜராஜன் மூலம் மேற்கு வங்காளத்து ஆட்களை இறக்கப் போவதாக உங்கள் காரியக்காரர் மருதையன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது உண்மையா என்று கிளை கேட்கிறது.

உண்மையானால் கிளை ஒப்புக்கொள்ளாது. நடவில் எங்கள் தெருவுக்கு முதல் உரிமை வேண்டும். புரோக்கர் நடுவில் வரக்கூடாது. நாற்றுப் பறிக்கும் ஆணுக்கும் நடும் பெண்ணுக்கும் ஒரே கூலி. மத்தியானம் இரண்டு மணி நேரம் கரையேறி உட்கார வேண்டும்.

நடவுக்கு முன்னால் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குவது எங்கள் வழக்கம். உங்கள் தாத்தா காலத்தில் வாயால் ஒப்புக்கொண்ட கூலி களத்துமேட்டுக்கு வந்ததும் மறந்துபோகும். ஏனென்று கேட்டவனைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பார்கள். அதற்கும் மேல் பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதைக் குடித்தவர்கள்தான் இந்தச் சங்கத்தைக் கட்டினார்கள். ஆகவே பதிலை எழுதி அனுப்பவும்.

இப்படிக்கு,
அம்சவல்லி

பி.கு.: நீங்களும் நானும் மன்னார்குடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததை மேலே எழுதவில்லை. அது சங்க விஷயம் இல்லை.

---

தஞ்சாவூர்
19-6-2025

அம்சவல்லி,

"அம்மையீர்" என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன். சரி, நீ எழுத்தில் கேட்டாய், நானும் எழுத்திலேயே சொல்கிறேன்.

போன சம்பாவை மறந்துவிட்டாயா? அப்பா போன பிறகு நான் பொறுப்பேற்று நடத்திய முதல் சாகுபடி அது. முதல் நாள் உன் தெருப் பெண்கள் வந்தார்கள். மத்தியானம் ஆகுமுன்பே கரையேறிப் போனவர்கள்தான், மறுநாள் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. நாற்றுக்கட்டு எல்லாம் வரப்பிலேயே காய்ந்தது. வீரையன் சித்தப்பா ஊர் நடுவில் நின்று, "பொம்பள வெவசாயம் பண்ணுனா இப்புடித்தான்"னு என் காதுபடச் சொன்னார். அன்றைக்கு உன் சங்கம் எங்கே போயிருந்தது?

தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் பிறக்கும் முன்பே செத்துப்போனவர். அவர் செய்ததற்கெல்லாம் நான் எத்தனை காலத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது? அந்தப் பண்ணை இப்போது எங்கே இருக்கிறது? உச்சவரம்பில் கொஞ்சம் போயிற்று, பாகம் பிரித்ததில் கொஞ்சம் போயிற்று, அத்தைகள் கல்யாணத்தில் பாக்கியும் போயிற்று. என் பங்குக்கு வந்தது வாய்க்கால் மேட்டு வயல் மட்டும்தான். அதற்கும் நகையை வைத்துத்தான் சாகுபடி பண்ணுகிறேன். என் கழுத்தை நீ பார்த்திருப்பாய்.

வங்காளத்து ஆட்கள் விடியும்போது இறங்கி இருட்டும்போதுதான் ஏறுகிறார்கள். முகம் சுளிப்பதில்லை, பாதியில் போவதில்லை. புரோக்கருக்கு அச்சாரம் கொடுத்தாகிவிட்டது. முப்பதாம் தேதி திங்கட்கிழமை வேன் வருகிறது.

என்னைப் பண்ணையார் ஆக்காதே. ஸ்கூட்டியில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற பண்ணையாரை நீ எங்கே பார்த்தாய்?

குந்தவை

---

வடகரைவெளி
22-6-2025

குந்தவை,

நீ பெஞ்சுக் கணக்கில் எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

போன சம்பாவில் ஏன் கரையேறினோம் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? பத்து மணிக்கு ஊரில் இருக்கும் உங்கள் வீட்டிலிருந்து காபி வந்தது. டிராக்டர் ஓட்டுகிற உங்கள் ஆளுக்குச் சில்வர் டம்ளர். எங்களுக்குப் பேப்பர் கப்பு. குடித்ததும் கசக்கி எறிந்துவிட்டால் வீட்டில் கழுவும் வேலையே இல்லை, பார். காளியம்மாள் அந்தக் கப்பை அப்படியே வரப்பில் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். அவள் பின்னால் எல்லோரும் எழுந்தோம். அந்தக் காலத்தில் சிரட்டை, இப்போது பேப்பர் கப்பு. காய்ந்த நாற்றுக்காக நான் வருத்தப்படவில்லை.

நீ பண்ணையார் இல்லைதான். உன் கடன் எனக்குத் தெரியும், உன் கழுத்தையும் பார்த்தேன், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உன் கஷ்டத்தை இறக்கிவைக்க எங்கள் தெருவின் தலைதானா கிடைத்தது? அறுவடையை மிஷின் கொண்டுபோயிற்று. களையெடுப்பை மருந்து கொண்டுபோயிற்று. பாக்கி இருப்பது நடவு ஒன்று. அதையும் கொடுத்துவிட்டால் இந்த ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது? ரேஷன் கடை வரிசையா?

வெண்மணி நடந்த காலத்திலும் சண்டை கூலியைப் பற்றியும் வெளியாளைப் பற்றியும்தான். அதற்கு எங்கள் ஜனம் என்ன விலை கொடுத்தது என்பது இந்த டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூலியை உடைப்பதற்கென்று வெளியாளை இறக்கினால் அந்த வரப்பில் எங்கள் செங்கொடி ஏறும். கொடி நின்ற வயலில் இதுவரை ஒருவனும் இறங்கியதில்லை.

திங்கட்கிழமை உன் வேனுக்கு முன்னால் நாங்கள் இருப்போம்.

அம்சவல்லி

---

தஞ்சாவூர்
25-6-2025

அம்சவல்லி,

அந்தக் கப்பு விஷயம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புவாயா? அதற்கப்புறம் மாற்று நாற்றுக்காக அலைந்துகொண்டிருந்தேன், விசாரிக்கத் தோன்றவில்லை. அம்மாவிடம் இப்போது கேட்டேன். "அதுல என்ன இருக்கு, எல்லா எடத்துலயும் அப்புடித்தானே"ங்கிறாள். அவளோடு நான் சண்டை போட்டுக்கொள்கிறேன். அது எங்கள் வீட்டுச் சண்டை.

ஆனால் மிரட்டலுக்குப் பணிந்து வேனைத் திருப்ப முடியாது. ஒரு தடவை பணிந்தால் சித்தப்பா என்னை வயலையே விற்கச் சொல்வார். வாங்குவதற்கு அவரே காத்திருக்கிறார். ஸ்டேஷனில் சொல்லிவைத்திருக்கிறேன். கொடியை நட்டால் பிடுங்கச் சொல்வேன்.

குந்தவை

---

வடகரைவெளி
1-7-2025

குந்தவை,

நேற்று நீ வயலுக்கு வரவில்லை. போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டாய். மருதையன் உனக்கு என்ன சொன்னாரோ தெரியாது. அவர் பாதியிலேயே போய்விட்டார். நடந்ததை நான் எழுதுகிறேன், சிரிப்பதானால் சிரித்துக்கொள்.

விடியும் முன்பே மேட்டு வரப்பில் கொடியை நட்டோம். காளியம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் நின்றாள். எங்கள் தெருவில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வேன் வந்து நின்றது. "வெளியாளே, திரும்பிப் போ"ன்னு கத்தத் தொண்டையைச் சரிசெய்துகொண்டோம்.

அவர்கள் இறங்கினார்கள். கொடியைப் பார்த்தார்கள். பயப்பட வேண்டியவர்கள், குந்தவை, ஓடிவந்தார்கள்! பெண்களும் ஆண்களும் சேற்றோடு வரப்பேறி, கையை மடக்கித் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு, கொடியைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். புரோக்கர் வேன் பக்கம் நின்று கத்துகிறான், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் வாயைத் திறந்தபடி நின்றோம். "என்னடி இது! வெரட்ட நட்ட கொடி விருந்துக்கு அழைச்சுட்டு வந்துடுச்சு!" என்றாள் காளியம்மாள்.

குடவாசலில் செல்போன் கடை வைத்திருக்கிற ஜாஃபர் சாதிக்கைக் கூப்பிட்டோம். துபாயில் இருந்தபோது வங்காளிகளோடு ஒரே ரூமில் இருந்தவர். வந்து அவர்களோடு பேசியதும் அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"அக்கா, அவங்க ஊர்ல இந்தக் கொடிய நட்டா கூட்டம்னு அர்த்தமாம். நீங்க பேசக் கூப்புட்டிருக்கீங்கன்னு நெனச்சுட்டாங்க. யாராச்சும் கூப்புட மாட்டாங்களான்னுதான் இந்தப் பக்கம் வந்ததுலேருந்து பாத்துக்கிட்டு இருந்தாங்களாம்."

அவர்களில் ரஹிமா பீபி என்று ஒருத்தி. என் வயது இருக்கும். அவள்தான் பேசினாள். புரோக்கர் எல்லோருடைய ஆதார் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான். பழைய அரிசி ஆலை கோடவுனில் படுக்கை, வெளியிலிருந்து பூட்டு. அவள் தங்கைக்குக் காய்ச்சல், காய்ச்சலோடேயே முந்தாநாள்வரைக்கும் வேறு ஊர் வயலில் நட்டிருக்கிறாள். நீ எழுதினாயே, முகம் சுளிப்பதில்லை என்று. சுளித்தால் கார்டு கிடைக்காது. அந்தக் கார்டுக்காகவே பொழுது சாய்ந்ததும் மறுபடி அந்தப் பூட்டுக்குள்ளேயே போனார்கள்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். யாரை யாரிடமிருந்து கலைப்பது என்று அவர்களுக்குப் புரியவில்லை. நாங்கள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "சத்தம் போடாமப் பேசிக்குங்க"ன்னு சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் தெருவில் பெரிய சண்டை. எனக்கும் எங்கள் ஆட்களுக்கும்தான். "நம்ம வேலையப் பிச்சுக் குடுக்கப் போறியா? வெளியாள எறக்கக் கூடாதுன்னுதானேடி நம்ம பாட்டன் அடி வாங்குனான்?" என்று காளியம்மாளே கேட்டாள். எனக்கும் அதே பயம்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் என் தம்பி அரசப்பன் கேரளாவில் கொத்து வேலை பார்க்கிறான். அங்கே அவன்தானே வெளியாள்? அவன் கார்டை ஒருத்தன் பிடுங்கி வைத்தால் அங்கே யாராவது கேட்க வேண்டும் என்று நான் நினைக்க மாட்டேனா? கூலியை உடைக்கிறவனை எதிர்த்துத்தான் நம் பாட்டன்கள் அடி வாங்கினார்கள். உடைக்கக் கொண்டுவரப்பட்டவனை நம் பக்கம் சேர்த்துக்கொண்டால் உடைக்கிறவன் எதை வைத்து உடைப்பான்? இதைச் சொன்னேன். விடியும்வரைக்கும் திட்டிவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

ஆகவே புதிய கோரிக்கை. நடவு உண்டு. எங்கள் தெருவும் ரஹிமா கூட்டமும் சேர்ந்தே இறங்குவோம். எல்லோருக்கும் ஒரே கூலி, அவரவர் கையில். கார்டுகள் திரும்ப வர வேண்டும். கோடவுன் பூட்டு உடைய வேண்டும். மத்தியான ஓய்வு பழையபடி இரண்டு மணி நேரம். காபி எல்லோருக்கும் ஒரே டம்ளரில்.

கொடியைப் பிடுங்கச் சொல்வேன் என்றாயே. யாரிடம் சொல்லப் போகிறாய்?

அம்சவல்லி

---

தஞ்சாவூர்
2-7-2025
(மருதையன் கையில்)

அம்சவல்லி,

நீ சிரிக்கச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றிலிருந்து போன் நிற்காமல் அடிக்கிறது. புரோக்கர் ஒரு பக்கம். சித்தப்பா மறுபக்கம். "நீ அதுல கையெழுத்துப் போட்டன்னா நாளைக்கு நாங்க அத்தனை பேரும் போடணும். ஊரோட ஒத்துப் போறியா, இல்ல அவளுங்களோட போறியா?" என்கிறார். எனக்கு உழுது கொடுப்பது அவர் டிராக்டர். என் வயலுக்குத் தண்ணீர் வருவது அவர் வயல் வழியாக ஓடும் வாய்க்காலில். இதெல்லாம் உனக்குத் தெரியாததா?

ஆட்கள் உன்னோடு, தண்ணீர் அவரோடு. நான் நடுவில். உனக்கு ஊர் பூராவும் வயல் இருக்கிறது, இது போனால் இன்னொன்றில் கொடி நடுவாய். எனக்கு இது ஒன்றுதான். நாற்று இன்னும் நான்கைந்து நாள்தான் தாங்கும். அப்புறம் முற்றிக் கணு வைத்துவிடும். நட்டாலும் தூர் கட்டாது.

பேசாமல் நடவு மிஷின் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். என்னை அந்த இடத்துக்குத் தள்ளாதே. கொஞ்சம் வழி விடு.

குந்தவை

---

வடகரைவெளி
3-7-2025

குந்தவை,

மிஷினா? மிஷினுக்குத் தட்டில் வளர்த்த பாய் நாற்று வேண்டும். நீ விட்டிருப்பது சேற்று நாற்றங்கால். அதைக் கையால் பறித்துக் கையால்தான் நட முடியும். என்னைப் பயமுறுத்துவதானால் வேறு ஏதாவது சொல்லு.

வழி விடச் சொல்கிறாய். நாங்கள் வழி விட்டுக்கொண்டேதான் இருந்தோம். வண்டி வந்தால் வழி, மாடு வந்தால் வழி, உங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளை வந்தால்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வழி. ஒருநாள் எங்கள் பாட்டன்கள் விட மாட்டோம் என்று நின்றார்கள். அதனால்தான் நான் உன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். இப்போது விட்டால் அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

உன் சித்தப்பா உன்னையும் என்னையும் வேறு வேறாகத்தான் நினைக்கிறார் என்று நம்பாதே. அவர் கண்ணில் நீயும் வயலை விட்டுப் போக வேண்டிய பொம்பளைதான். தண்ணீரை அடைத்தால் சொல். பொது வாய்க்காலை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை. அங்கேயும் கொடி நட எங்களுக்குத் தெரியும்.

ஒரு காரியம் செய். யாருக்கும் சொல்லாமல் அந்தக் கோடவுனைப் போய்ப் பார். பார்த்துவிட்டு அப்புறம் மறுத்து எழுது.

அம்சவல்லி

---

தஞ்சாவூர்
4-7-2025

அம்சவல்லி,

போனேன். உனக்காகப் போகவில்லை. மறுத்து எழுதுவதற்குக் காரணம் தேடிக்கொண்டுதான் போனேன்.

பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பி வழியாக ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். பாஷை புரியவில்லை, தண்ணீர் என்பது புரிந்தது. என் அச்சாரப் பணத்தில் போட்ட பூட்டு அது என்று நினைத்தபோது எனக்கு வந்த கோபம், சொல்ல முடியாது. வண்டியைத் திருப்பி நேரே ராஜராஜன் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். "என்னங்க இது, நீங்க போய் இங்கல்லாம்..." என்று இழுத்தான். "சாவியும் கார்டும் வராம நான் எழுந்திருக்க மாட்டேன்"னேன். தெருவே கூடிவிட்டது. என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கொடுத்துவிட்டான். கார்டுகளை ரஹிமா கையில் நானே கொடுத்தேன்.

கோரிக்கைகளுக்குக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றைத் தவிர. மத்தியானம் ஒரு மணி நேரம்தான். நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது இரண்டு மணி நேரம் என்னால் கொடுக்க முடியாது. வேண்டுமானால் இன்னொரு கொடி நடு.

காபி நானே கொண்டுவருகிறேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே டம்ளர் வாங்கப் பாத்திரக்கடைக்கு என்னோடு வந்தாள்.

நாளை காலையில் இறங்குங்கள்.

குந்தவை

---

தஞ்சாவூர்
18-9-2025

அம்சவல்லி,

இந்த முறை கோரிக்கை என்னுடையது. உங்கள் கிளையில் நிலக்காரர்களின் கோரிக்கையை வாங்குவீர்களா என்று தெரியவில்லை.

பயிரை நீ பார்த்திருப்பாய். கணுக்கட்டும் முன் நட்டுவிட்டோம், கதிர் கனத்துத் தலை தொங்குகிறது. ஆனால் அறுக்க மிஷின் இல்லை. கையெழுத்துப் போட்டதற்குச் சித்தப்பா இப்போது கணக்குத் தீர்க்கிறார். "அவ வயல்ல எறங்குற மிஷின் இந்த ஊர்ல வேற எந்த வயல்லயும் எறங்கக் கூடாது"ன்னு மிஷின்காரர்களிடம் சொல்லிவிட்டார். குடவாசலில் கேட்டேன், மன்னார்குடியில் கேட்டேன். வருகிறேன் என்றவன்கூட மறுநாள் போனை எடுப்பதில்லை. தினமும் சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. ஒரு மழை பிடித்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். நகையோடு வயலும் போகும். அவர் காத்திருப்பது அதற்குத்தான்.

அழுவேன் என்று நினைக்கிறார். நான் அழமாட்டேன். அவரிடம் போய் நிற்கவும் மாட்டேன். கையெழுத்துப் போட்டதற்காக நான் வருத்தப்படவில்லை என்பதை உனக்கு எழுதித் தருகிறேன்.

கையறுப்பு அறுத்துத் தருவீர்களா? உங்கள் நிபந்தனைகளை எழுது.

குந்தவை

---

வடகரைவெளி
20-9-2025

குந்தவை,

உன் கோரிக்கையைக் கிளையில் வைத்தோம். "மிஷின் இல்லன்னதும் நம்ம ஞாபகம் வந்துடுச்சா?" என்று ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டது. நியாயமான கேள்விதான். அப்புறம் காளியம்மாள் எழுந்து, "மிஷின் வந்து நம்மள வெளியாளாக்கிடுச்சு. இப்ப மிஷினே வெளியாளாப் போயிடுச்சு, எறங்குங்கடி"ன்னாள். அதோடு பேச்சு முடிந்தது.

கையறுப்பு மறந்து பல வருஷம் ஆகிறது. பரணில் கிடந்த அரிவாளை எல்லாம் இறக்கிப் பட்டறையில் தீட்டக் கொடுத்திருக்கிறோம். ரஹிமா கூட்டம் இப்போது பக்கத்து ஊரில் புரோக்கர் இல்லாமல் நேரடியாக வேலை பேசி நிற்கிறது. தாங்கள் நட்டதைத் தாங்களும் அறுக்க வேண்டும் என்று அவர்களும் வருகிறார்கள். அங்கேயும் ஒரு நிலக்காரர் முரண்டு பிடித்தாராம். ரஹிமாவே வரப்பில் கொடியை நட்டுவிட்டு, ஜாஃபர் சாதிக்குக்குப் போன் போட்டு, "கூட்டம் இருக்கு, வாங்க"ன்னு தமிழில் சொன்னாளாம்.

நிபந்தனைகள். கூலி நடவில் பேசியபடி, எல்லோருக்கும் ஒன்றே. மத்தியானம் இரண்டு மணி நேரம். ஆமாம், இரண்டு. போன தடவை நீ விடவில்லை, இந்தத் தடவை நான் விடமாட்டேன்.

கடைசியாக ஒன்று. உன் சித்தப்பா ரோட்டில் நின்று பார்ப்பார். மற்ற நிலக்காரர்களும் நிற்பார்கள். நாங்கள் மட்டும் வயலில் இருந்தால், கூலிக்கு வந்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நீ வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இறங்க வேண்டும். எனக்கும் ரஹிமாவுக்கும் நடுவில் நின்று, சேற்றில் காலை வைத்து, முதல் பிடியை அவர்கள் கண்ணெதிரே நீ அறுக்க வேண்டும். கை அறுபட்டால் கட்டுப் போட்டுவிட்டு மறுபடி அறு. நீ இறங்காவிட்டால் நாங்கள் ஏறிவிடுவோம். பயிர் முளைத்தாலும் சரி.

உனக்கும் சேர்த்து அரிவாள் தீட்டச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை, வெயில் ஏறுமுன் வந்து சேர்.

அம்சவல்லி